ஒட்டுத் தெரியாத பின்னணி

வெப்சைட் ஒன்றின் பின்னணியில் காரைச் சுவர் மாதிரி ஒரு டெக்ஸ்சர் விரிந்திருக்கிறது. திரை முழுக்க ஒரே படம் என்றுதான் நினைப்போம். உண்மையில் அது 512க்கு 512 பிக்சலில் ஒரு சின்னத் துண்டு. பிரௌசர் அதையே திரும்பத் திரும்பப் பதித்துக்கொண்டு போகிறது. 1920க்கு 1080 திரை என்றால் 12 முறை பதித்தால் போதும். 1995இல் நெட்ஸ்கேப் 1.1 பிரௌசர் பின்னணிப் படம் போட வழிவிட்டபோது, மோடத்தில் ஊர்ந்து வந்த இணையத்துக்கு இந்தச் சிக்கனம் பெரிய உதவி.

அந்தத் துண்டை எப்படிச் செய்வது? டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம்.

கட்டம் போட்ட சட்டையில் பாக்கெட் தைக்கும் டெய்லர் கோட்டோடு கோடு சேர்ப்பாரே, அதேதான் இங்கேயும். படத்தின் வலது ஓரம் முடிகிற இடத்திலிருந்து இடது ஓரம் தொடர வேண்டும். கீழ் ஓரத்திலிருந்து மேல் ஓரம் தொடர வேண்டும். சுவரைப் போட்டோ எடுத்து அப்படியே பதித்தால் இது அமையாது; ஒவ்வொரு சந்திப்பிலும் கோடு விழும்.

ஃபோட்டோஷாப்பில் ‘ஆஃப்செட்’ என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது. படத்தை வலப்பக்கம் 256, கீழே 256 பிக்சல் நகர்த்தச் சொல்லி, ‘ராப் அரவுண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கம் வெளியே போனது இடப்பக்கம் உள்ளே வரும். இப்போது பழைய ஓரங்கள் நான்கும் நடுவில் கூட்டல் குறி போலச் சந்திக்கும். புதிய ஓரங்கள் முன்பு படத்தின் நடுவில் ஒட்டியிருந்தவை. அவை தாமாகவே பொருந்தும். ஆகவே அந்தக் கூட்டல் குறியை மட்டும் க்ளோன் ஸ்டாம்ப், ஹீலிங் பிரஷ் கொண்டு அழித்தால் போதும். வெளி ஓரத்தில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். கையால் வரைகிறவர்களுக்கு இன்னும் சுலபம்: இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் W விசையைத் தட்டினால், வரைய வரையவே சுற்றிலும் பிரதிகள் தெரியும்.

பலர் இங்கேயே வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். பாதிதான் முடிந்திருக்கிறது. ஒட்டு மறைந்தாலும், ஒன்றே திரும்பத் திரும்ப வருகிறது என்பதைக் கண் பிடித்துவிடும்.

முதலில் வெளிச்சம். சுவரின் ஒரு பக்கம் ஜன்னல் இருந்திருந்தால் அந்தப் பக்கம் துளி வெளுப்பாக இருக்கும். தனித் துண்டில் இது தெரியவே தெரியாது. பன்னிரண்டைப் பரப்பினால் பட்டை பட்டையாகத் தெரியும். மேகமூட்டமான நாளில் படம் எடுப்பது நல்லது. முடியாவிட்டால் ‘ஹை பாஸ்’ ஃபில்டர் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும்.

அடுத்தது, தனித்து நிற்கும் அடையாளம். சுவரில் ஓர் ஆணி ஓட்டை இருந்தால், திரையில் ஆணி ஓட்டைகள் வரிசை கட்டி நிற்கும். அதை எடுத்துவிடுங்கள். அதற்காக எல்லாச் சொரசொரப்பையும் துடைத்தால் வெறும் சாயம்தான் மிஞ்சும். எந்தப் புள்ளியும் மற்றதை மீறாமல் இருந்தால் போதும்.

பூ, இலை போன்ற உருவங்கள் வேண்டுமென்றால், துணியிலும் சுவர்க் காகிதத்திலும் அச்சடிப்பவர்களின் பழைய உத்தி கைகொடுக்கும்: பக்கத்து வரிசையைப் பாதி உயரம் கீழே இறக்கிவிடுவது. கணினியில் இதற்கு இரட்டை அகலத் துண்டு வேண்டும். 1024க்கு 512 எடுத்து, வலது பாதியில் அதே உருவத்தை 256 பிக்சல் இறக்கி வையுங்கள்.

இன்னொரு வழி கணக்கு வழி. 29, 37, 53 பிக்சல் அகலமுள்ள, ஆங்காங்கே ஒளி ஊடுருவும் மூன்று துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்புங்கள். மூன்றும் பகா எண்கள் என்பதால், அதே சேர்க்கை மறுபடி வர 56,869 பிக்சல் ஆகும். கிட்டத்தட்ட முப்பது திரை அகலம்!

டெக்ஸ்சரை ரெடிமேடாக வாங்கினாலும் இதே சோதனைதான். தனித் துண்டின் அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள். மூன்றுக்கு மூன்றாகப் பரப்பி, 25 சதவீதமாகச் சுருக்கி, கண்ணைக் கொஞ்சம் இடுக்கிப் பாருங்கள். கட்டமோ பட்டையோ தெரிந்தால் வேண்டாம். தெரியாவிட்டால் மேலே ஒரு பத்தி எழுத்தை வைத்து வாசியுங்கள். வாசிப்பு எங்கும் தடுக்கவில்லையென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.