சாவடி போயிற்று, சாவி எங்கே?

கெலவரப்பள்ளியிலிருந்து கருநாடக எல்லை சில கல் தொலைவுதான். ஓசூர்ப் பட்டறையிலே கடைந்த இரும்புச் சாமான் பெங்களூர் போக, வணிகவரிச் சாவடி முன் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தை நாம் மறக்கவில்லை. 1-7-2017 அன்று ஜி.எஸ்.டி. வந்தது, சாவடி ஒழிந்தது. நல்லதுதான், தோழர்களே! வாணிபம் நாடெங்கும் தடையின்றி நடக்கட்டும் என்று அரசியல் சட்டத்தின் 301-ஆவது விதி 1950-லேயே சொல்லிற்று.

ஆனால், சாவடியோடு போனது வேறென்ன? விற்பனை வரி எவ்வளவு என்று நிர்ணயிக்கும் உரிமை! முன்பு சென்னைச் சட்டமன்றம் முடிவு செய்தது. இன்று பெட்ரோல், டீசல், மது போன்ற சிலவற்றைத் தவிர, எல்லாம் ஜி.எஸ்.டி. மன்றத்திலே. அங்கே மத்திய அரசுக்கு மூன்றிலொரு பங்கு வாக்கு. மாநிலங்கள் அத்தனைக்கும் சேர்த்து மூன்றிலிரு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போடுங்கள்! எல்லா மாநிலங்களும் ஒரே குரலில் பேசினாலும் நூற்றுக்கு 67-ஐத் தாண்டாது, தேவையோ 75. டில்லி தலையசைத்தால்தான் உண்டு.

மாநிலங்கள் கூடி அமைந்த நாடுதான் அமெரிக்காவும். மாநிலங்களுக்கிடையேயான வாணிபம் அங்கும் மத்திய காங்கிரசின் கையில். 1824-ல், நியூயார்க் தந்த நீராவிப் படகு ஏகபோகம் செல்லாதென்றது உச்சநீதிமன்றம். ஆயினும் விற்பனை வரி மாநிலத்தின் உரிமை. வாஷிங்டன் மாநிலம் வசூலிக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் ஆரிகன் வசூலிப்பதே இல்லை. அதனால் அமெரிக்கா உடைந்தா போயிற்று?

மன்றத்தின் பரிந்துரை சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் நமது உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டிலே இருக்கிறது. ஓசூர்ப் பட்டறைக்காரர் வரிக் குறைப்புக் கேட்டுச் சென்னைக்கு மனுப் போட்டால், சென்னை இன்றும் டில்லிக்குத்தான் எழுதவேண்டியிருக்கிறது.