அலை போனபின்னும் அடங்காத பயம்



2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை வந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. நான்காம் நாள், மறுபடி அலை வரக்கூடும் என்ற எச்சரிக்கையைக் கேட்டு ஜனங்கள் கரையை விட்டு ஓடினார்கள். அலை வரவில்லை. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தபோதும் அப்படியே. ஓடினது புத்தியான காரியம். பயம் என்பது சரீரத்துக்குக் காவல். ஆனால் எச்சரிக்கை நீங்கியபின்னும் சிலருக்கு நெஞ்சுப் படபடப்பு அடங்குவதில்லையே, அது ஏன்?

மூளைக்குள் வாதுமைக் கொட்டை போன்ற ஒரு சிறு பகுதி உண்டு. ஆபத்தைக் கண்டதும் அபாய மணி அடிப்பது அதுதான். நாம் யோசிக்கும் முன்பே இருதயம் வேகமாய் அடிக்கும், கைகால் ஓடத் தயாராகும். ஆபத்து விலகினதும் மணி ஓயவேண்டும். சாவை நேரில் கண்டவர்களில் சிலருக்கு அது ஓய்வதில்லை. அன்றைய சத்தமும் வாடையும், முடிந்துபோனவை என்ற முத்திரை இல்லாமல் மனதில் தங்கிவிடுகின்றன. தொட்டி நிரம்பி வழிகிற சத்தம்கூட அவர்களுக்கு அலைதான். தூக்கம் கெடும். நினையாத வேளையில் அதே காட்சி கண்முன் நிற்கும். பெரும்பாலானோருக்கு இது நாளடைவில் தணியும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால், அது வைத்தியம் பார்க்கவேண்டிய நோய்.

இந்தப் பயத்துக்குத் தீனி போடுவது விலகி ஓடுதல். கடல் பக்கம் போகாதிருந்தால் நிம்மதி. அந்த நிம்மதியே, போகாததால்தான் பிழைத்தாய் என்று மூளைக்குக் கற்பிக்கிறது. பிறகு கடற்கரைத் தெருவுக்கும் போகமாட்டார்கள், கடைசியில் வீட்டு வாசலைத் தாண்டவே அஞ்சுவார்கள். சிகிச்சை இதற்கு நேர்மாறு. பயிற்சி பெற்ற ஆலோசகர் துணையிருக்க, அஞ்சின இடத்தையும் நினைவையும் படிப்படியாக அணுகச்செய்கிறார்கள். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும்.

நல்லெண்ணத்தோடு ஆறுதல் சொல்லப் போகிற நம்மவர்கள், "நடந்ததையெல்லாம் சொல்லி அழுதுவிடு" என்று வற்புறுத்துவதுண்டு. ஒரு காலத்தில் நிபுணர்களும் அப்படியே செய்தார்கள். ஆராய்ந்தபோது அதனால் பயன் காணவில்லை, சிலருக்குத் தீங்கே விளைந்தது. உலக சுகாதார நிறுவனம் இன்று அம்முறையைப் பரிந்துரைப்பதில்லை. முதல் நாட்களில் வேண்டியது உணவு, பாதுகாப்பான இடம், காணாமற்போன உறவினரைப் பற்றிய தகவல். அவர்களாகப் பேசினால் கேளுங்கள்.

"விசுவாசக் குறைவு" என்று சொல்லுவது அதைவிடக் கொடுமை. கர்மேலில் உறுதியாய் நின்ற எலியா, யேசபேலின் மிரட்டலுக்குப்பின் சூரைச்செடியின்கீழ்ச் சாக விரும்பினான். தூதன் கடிந்துகொண்டானா? அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், எழுப்பி மறுபடி போஜனம் கொடுத்தான். கேள்வி வந்தது நாற்பது நாளுக்குப் பின், ஓரேபிலே.

உங்கள் சபையில் வெள்ளத்திலோ விபத்திலோ அடிபட்டு, மாதங்கள் கடந்தும் தூங்காதவர் இருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதல் முறை கூடவே போங்கள். 14416 என்ற அரசு தொலைபேசி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.