புகைக்குழாய் வழியே போகும் காசு

குளிர்கால விடியற்காலையில் இங்கிலாந்தின் எந்தக் குடியிருப்புத் தெருவில் நடந்தாலும், வீட்டுக்கு வீடு சுவரைத் துளைத்து வெளியே நீட்டியிருக்கும் குட்டைக் குழாயிலிருந்து வெள்ளை ஆவி வருவதைப் பார்க்கலாம். உள்ளே எரிவாயு பாய்லர் ஓடுகிறது. அது தண்ணீரைச் சுடவைத்து அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்புகிறது; சூட்டை இறக்கிவிட்டுத் தண்ணீர் பாய்லருக்கே திரும்புகிறது. புகைக்குழாய் வழியே எவ்வளவு காசு வெளியேறுகிறது என்பது பெரும்பாலும் பாய்லரின் முகப்பில் உள்ள ஒரு குமிழைப் பொறுத்தது.

எரிவாயு எரியும்போது கரியமில வாயுவோடு தண்ணீரும் உண்டாகிறது. ஒரு கன மீட்டர் எரிவாயுவுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஆனால் ஆவி வடிவில். இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது கையில் அடிக்கும் ஆவி, கொதிநீரைவிட மோசமாகச் சுடுமே, அதற்குக் காரணமான உள்ளுறை வெப்பம் இதிலும் ஒளிந்திருக்கிறது. அந்த வெப்பத்தை 1760களில் கிளாஸ்கோவில் அளந்து காட்டியவர் ஜோசப் பிளாக். ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 420 கிலோஜூல் போதும். கொதித்த அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும். ஆவி மறுபடி நீரானால் அத்தனையும் திரும்பக் கிடைக்கும்.

பழைய பாய்லர்கள் இதைப் புகையோடு வெளியே விட்டன. எரிவாயு தரும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு இப்படிப் போனது. கண்டென்சிங் பாய்லரில் வெப்பப் பரிமாற்றி பெரியது. ரேடியேட்டரிலிருந்து திரும்பும் தண்ணீர் புகையைக் குளிர்விக்க, ஆவி துளித்துளியாக நீராகித் தன் வெப்பத்தை அந்தத் தண்ணீருக்கே கொடுத்துவிடும். வடியும் நீரில் லேசாக அமிலம் இருப்பதால் அதற்குப் பிளாஸ்டிக் குழாய் போடுகிறார்கள். ஏப்ரல் 2005 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் பொருத்தும் எரிவாயு பாய்லர்கள், சில விலக்குகள் தவிர, இந்த வகையாகவே இருக்கவேண்டும்.

சிக்கல் இங்கேதான். ஆவி நீராக வேண்டுமானால் திரும்பிவரும் தண்ணீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும். பல வீடுகளிலோ அனுப்பும் தண்ணீரே 75, 80 டிகிரியில் போகிறது. திரும்பும்போதும் 60க்குக் குறைவதில்லை. ஆவியைப் பிடிக்கவென்றே காசு கொடுத்து வாங்கிய இயந்திரம், பழைய பாய்லரைப் போலவே ஆவியைக் கைவிடுகிறது. பொருத்திக் கொடுத்தவரை மட்டும் குறைசொல்ல முடியாது: ரேடியேட்டர் தொட்டால் சுடும் அளவுக்கு இருந்தால், வீடு சூடாகவில்லை என்று யாரும் அவருக்குப் போன் செய்யப்போவதில்லை.

பாய்லர் முகப்பில் பெரும்பாலும் இரண்டு குமிழ்கள் அல்லது பொத்தான்கள் இருக்கும். ஒன்றில் தண்ணீர்க் குழாய்ப் படம், மற்றதில் ரேடியேட்டர் படம். இரண்டாவதை 60க்கு இறக்கினால் எரிவாயுச் செலவு 6 முதல் 8 சதவீதம் வரை குறையலாம் என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மாதாமாதம் வரும் நிலைக்கட்டணத்தை இது தொடாது என்பதையும் சேர்த்தே கணக்குப் போடவேண்டும். அறைச் சுவரில் உள்ள தெர்மோஸ்டாட்டைத் தொடவேண்டாம். வீடு எவ்வளவு சூடாக இருக்கவேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். அந்தச் சூட்டை எட்டக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவே. ரேடியேட்டர் முன்போல் சுடவில்லையே என்று பதறி உடனே ஏற்றிவிடுபவர்கள்தான் பலனை இழக்கிறார்கள்.

குமிழை இப்படி இறக்குவது, தொட்டியில்லாமல் நேரடியாக வெந்நீர் தரும் காம்பி பாய்லர் உள்ளவர்களுக்கு எளிது. தனியாக வெந்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் அவசரப்படக்கூடாது. தொட்டி நீர் 60 டிகிரியை எட்டாவிட்டால் அதில் லெஜியனெல்லா கிருமி பெருகலாம். அந்த வீடுகளில் பொறியாளரைக் கேட்டுவிட்டுக் குமிழைத் தொடுவது நல்லது. மற்றவர்கள் 60இல் சில நாள் விட்டுப் பார்த்து, வீடு கதகதப்பாகவே இருந்தால் 55க்கும் இறக்கலாம். உறைபனி கொட்டும் வாரத்தில் மட்டும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் போதும்.