முகநரம்புச் செயலிழப்பும் நெற்றிச் சோதனையும்

மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் 12 இணை நரம்புகளுள் ஏழாவது முகநரம்பு ஆகும். இது செயலிழந்து வாய் கோணுவதை மக்கள் முகவாதம் என்பர். இவ்வொரு சொல்லுக்குள் இரு வேறு நோய்நிலைகள் அடங்கியுள்ளன. மூளைக் குருதிக்குழாய் அடைபட்டு முகம் கோணுவது ஒன்று. அதற்குரிய கட்டி கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். முகநரம்பே வீங்கிச் செயலிழப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நோயாளியின் படுக்கையருகிலேயே பிரித்தறிய உதவும் சோதனைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

முகநரம்பின் உட்கரு மூளைத்தண்டில் உள்ளது. அதன் மேற்பகுதி நெற்றித் தசையை இயக்குகிறது. இதற்குப் பெருமூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. கீழ்முகத்தை இயக்கும் பகுதிக்கோ பெரும்பாலும் எதிர்ப்புறப் பாதியிலிருந்தே கட்டளை வருகிறது. எனவே பெருமூளையின் ஒரு பாதி பாதிக்கப்பட்டால் எதிர்ப்பக்க வாய் கோணும், நெற்றி சுருங்கும். நரம்பே பாதிக்கப்பட்டால் அப்பக்க நெற்றியும் அசையாது.

சோதனை எளிது. தலையை அசைக்காமல் புருவங்களை உயர்த்தச் சொல்ல வேண்டும். பின்னர் கண்களை இறுக மூடச் சொல்லி, விரலால் இமையைத் திறக்க முயல வேண்டும். பற்களைக் காட்டுதல், கன்னத்தை உப்பச் செய்தல் ஆகியன அடுத்தவை. மூளைப் பாதிப்பில் பல்லைக் காட்டச் சொன்னால் கோணும் வாய், தன்னிச்சையான சிரிப்பில் ஓரளவு நேராவதுண்டு. உணர்ச்சிவழி இயக்கத்தின் பாதை வேறு என்பதே காரணம்.

எப்பக்கம் நோயுற்றது என்பதிலேயே பிழை நேர்வதுண்டு. வாய் இழுக்கப்படும் பக்கத்தை நோயுற்றதாக உறவினர் கருதுவர். உண்மையில் அதுவே நலமான பக்கம். மேலிமை தொங்குவதும் முகநரம்புக் குறைபாடன்று. மேலிமையை உயர்த்துவது மூன்றாம் நரம்பு. மூடுவதே ஏழாம் நரம்பின் பணி. ஆகவே முகநரம்பு செயலிழந்த கண் அகன்றே காணப்படும். மூட முயலும்போது விழி மேல்நோக்கி உருள்வது சார்லஸ் பெல் பெயரால் அறியப்படுகிறது. இது நோயன்று, நலமானவர்களிடமும் நிகழ்வதை மூடிய இமை மறைத்துவிடுகிறது.

அவர் 1821இல் முகநரம்புகளைப் பற்றி ராயல் சொசைட்டியில் ஆய்வுரை வழங்கினார். காரணம் புலப்படாமல் திடீரெனத் தோன்றும் முகநரம்புச் செயலிழப்பும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. அங்கவடி எலும்புத் தசை தளர்வதால் ஒலிகள் மிகுந்து கேட்பதும், நாவின் முன் மூன்றில் இரண்டு பங்கில் சுவை குன்றுவதும் இதில் உண்டு. காதில் கொப்புளங்கள் இருப்பின் அக்கி வைரஸ் காரணமாகலாம். வாரக்கணக்கில் மெல்ல வளரும் செயலிழப்பில் கட்டியைத் தேட வேண்டும்.

நெற்றிச் சோதனைக்கும் எல்லை உண்டு. ஆறாம் நரம்பின் உட்கருவைச் சுற்றியே முகநரம்பு இழைகள் செல்கின்றன. அவ்விடத்தில், அதாவது மூளைத்தண்டிலேயே, அடைப்பு ஏற்படின் நெற்றியும் செயலிழக்கும். நெற்றி அசையவில்லை என்பதை மட்டும் கொண்டு பக்கவாதமில்லை என முடிவு செய்வது ஆபத்தானது. இரட்டைப் பார்வை, விழி வெளிப்புறம் திரும்பாமை, தள்ளாட்டம், கைகால் வலுவின்மை ஆகியவற்றை உடன் சோதித்தல் கட்டாயம்.

நரம்பு வீக்கத்திலும் காலம் முக்கியமே. 2007இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில் 72 மணி நேரத்திற்குள் பிரட்னிசலோன் தொடங்கியோரில் 83 விழுக்காட்டினர் மூன்று மாதத்தில் முழுமையாகக் குணமடைந்தனர். அம்மருந்து பெறாதோரில் 63.6 விழுக்காட்டினரே குணமடைந்தனர்.

மூடாத கண் உலர்ந்து கார்னியா புண்ணாகும். பகலில் செயற்கைக் கண்ணீர்த் துளிகளும், இரவில் களிம்பிட்டு இமையை ஒட்டுதலும் வேண்டும். பஞ்சிழையால் கார்னியாவைத் தொட்டால், ஐந்தாம் நரம்பு நலமாயின் பாதிக்கப்பட்ட கண் இமைக்காவிடினும் மறுகண் இமைக்கும். இரு கண்களும் இமைக்காவிடில், அவ்விழி தொடுவுணர்வையும் இழந்திருக்கலாம். புண் உண்டானாலும் நோயாளிக்கு வலி தெரியாது. அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.