வேகமும் அதன் வர்க்கமும்

இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு

தாம்பரத்திற்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே 1931-ஆம் ஆண்டில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் பாதையில் ஓடிய அந்த வண்டிகள் 2004-இல் ஓய்வு பெற்றன. இன்று அகலப் பாதையில், 25,000 வோல்ட் மின்கம்பியின் கீழ் வண்டிகள் ஓடுகின்றன. நம் கல்லூரி நண்பர்களில் பலர் அவற்றில்தான் வருகின்றனர். சிலர் உள்ளே இடமிருந்தும் படியிலேயே நிற்கின்றனர். காற்று வாங்குவதற்காம்! அவர்களை மனத்தில் கொண்டு, பள்ளியில் படித்து மறந்துபோன சில செய்திகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிலைமம். குரோம்பேட்டையில் வண்டி புறப்படும்போது நிற்பவர் பின்னால் சாய்கிறார். பல்லாவரத்தில் பிரேக் போடும்போது முன்னால் சாய்கிறார். யாரோ தள்ளியதாக எண்ணி அருகிலிருப்பவரை முறைப்பதும் உண்டு. உண்மையில் எவரும் அவரைத் தள்ளவில்லை. அவர் வந்த வேகத்திலேயே போகிறார். வண்டிதான் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. புறவிசை தாக்காதவரை இயங்கும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் இயங்கும் என்று 1687-இல் வெளியான தம் நூலில் நியூட்டன் முதல் விதியாக வகுத்தது இதைத்தான். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது தடை மிகக் குறைவு. ஆகவே இரு நிலையங்களுக்கிடையே ஓட்டுநர் மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்திய பின்னும் வண்டி தன்போக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓடும் வண்டியிலிருந்து இறங்குபவருக்கும் இதே விதிதான். தரையைத் தொட்ட கால் நின்றுவிடுகிறது. உடலோ வண்டியின் வேகத்தோடு முன்னே போகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான்தான் முதல். ஆயினும், காய்கறிக் கூடையோடு பல ஆண்டுகள் இந்த ரயிலில் போய்வந்த என் தந்தைக்கு, “வண்டி போற பக்கமே பார்த்து இறங்கி, நாலடி ஓடி நில்லுடா” என்று சொல்லத் தெரியும். நியூட்டனும் இதை மறுக்கமாட்டார். நாலடி ஓடும்போது, காலுக்கும் தரைக்கும் உள்ள உராய்வு உடலின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறது. ஆனால் அவர் இறங்கியது வண்டி ஊர்ந்து நிற்கப்போகும் தறுவாயில். அதைப் பார்த்துப் பழகிய நாம், வேகம் இருமடங்கானால் ஆபத்தும் இருமடங்குதானே என்று கணக்குப் போடுகிறோம். கணக்கு அங்கேதான் பிசகுகிறது.

இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. வேகமா, வேகத்தின் வர்க்கமா என்று ஐரோப்பிய அறிஞர்களே நெடுங்காலம் வழக்காடினர். ஹாலந்து நாட்டுக் கிராவசாண்டே, 1722-ஐ ஒட்டி, பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் விழவிட்டு அளந்தார். இருமடங்கு வேகத்தில் விழுந்த குண்டு நான்கு மடங்கு ஆழத்திற்குப் புதைந்தது. களிமண் பொய் சொல்லாதல்லவா!

இதை நம் ரயிலுக்குப் பொருத்துவோம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் கம்பத்தில் மோதுவது, 1.3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கை கால் பிழைக்கலாம். 36 கிலோமீட்டரில் அது 5 மீட்டர். 72 கிலோமீட்டரில் 20 மீட்டர், அதாவது ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சி! அந்த உச்சியில் கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஒற்றைக் காலை ஊன்றி நிற்க நம்மில் யாரும் துணியமாட்டோம். படியில் நிற்பவருக்கோ அச்சம் வருவதில்லை. வண்டியும் அவரும் ஒரே வேகத்தில் செல்வதால், தாம் அசையாமல் நிற்பதாகவே அவர் உணர்கிறார்.

2018 ஜூலை 24 அன்று காலை, கடற்கரையிலிருந்து திருமால்பூர் சென்ற வண்டி, வழக்கமான பாதையை விட்டு விரைவு வண்டிகளின் பாதையில் திருப்பிவிடப்பட்டது. பரங்கிமலை நிலையத்தில் பாதையை ஒட்டியிருந்த சுவரில் அடிபட்டு, படியில் தொங்கியவர்களுள் சிலர் உயிரிழந்தனர். சுவர் இருந்த இடத்தில்தான் இருந்தது. தொங்கியவர்களின் பார்வையில் அதுவே வண்டியின் வேகத்தில் அவர்களை நோக்கி வந்தது.

நடைமேம்பாலத்தை விட்டுவிட்டுத் தண்டவாளத்தைக் கடப்பவர்களுக்கும் ஒரு சொல். ‘ஓட்டுநர் பார்த்து நிறுத்திவிடுவார்’ என்று நம்புகிறார்கள். ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் வீதம் குறைவதாகக் கொண்டால், 36 கிலோமீட்டரில் வரும் வண்டி நிற்க 50 மீட்டர் வேண்டும். 72 கிலோமீட்டரில் 200 மீட்டர் வேண்டும். இங்கும் அதே வர்க்கம்தான். இன்னும் அழுத்திப் பிரேக் போட்டால் என்ன? சக்கரம் சுழலாமல் வழுக்கும். வண்டியை எளிதாக ஓடவிடும் அந்த வழவழப்பான எஃகு, நிறுத்தும்போதும் வழவழப்பாகத்தான் இருக்கும். மழை நாளில் இன்னும் மோசம்.

நிற்கும் வண்டியின் இயக்க ஆற்றல் எங்கே போகிறது? பழைய வண்டிகளில் பிரேக் கட்டைகளில் வெப்பமாகியது. புதிய வகை வண்டிகளில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, அந்த ஆற்றலில் ஒரு பகுதியை மின்கம்பிக்கே திருப்பி அனுப்புகிறது. நம் எலும்புகளுக்கு அந்த வசதி இல்லை. வரும் ஆற்றல் முழுவதையும் அவை அங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும். 2025 ஏப்ரலில் இந்தத் தடத்திற்கு வந்த குளிர்சாதன மின்சார ரயிலில் தானாக மூடிக்கொள்ளும் கதவுகள் உள்ளன. மற்ற வண்டிகளில் வாசல் திறந்துதான் இருக்கிறது. உள்ளே தள்ளி நிற்பது நம் பொறுப்பு.