என் பெயரைச் சொன்னது யார்?

ஒரு மாலை, அறியாத இலக்கமொன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. "ஹட்டன் தையல் ராத்தாட மகளா?" என்றது ஓர் ஆண்குரல். இலக்கம் பிழைத்து அழைத்தவர் அவர். அவருடைய கைப்பேசியிலிருந்த ஒரு செயலி என்னை அப்படித்தான் காட்டியதாம். உம்மா பதறிப்போனார். "யாருக்கு நம்பர் கொடுத்தாய்?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

கைப்பேசி அழைப்போடு வலையமைப்பு அனுப்புவது இலக்கத்தையே. பெயரைக் காட்டுவது நமது தொடர்புப் பட்டியல். பட்டியலில் இல்லாத இலக்கமானால், அழைப்பாளரை இனங்காணும் செயலி இணையத்தின் வழியாகத் தனது தரவுத்தளத்தில் பெயரைத் தேடுகிறது. அந்தப் பெயர்களில் சில, பயனர்கள் தாமே பதிந்தவை. சில செயலிகள் பயனரின் தொடர்புப் பட்டியலையும் அனுமதி கேட்டுப் பெற்றுக்கொள்கின்றன. அனுமதி கொடுப்பவர் ஒருவர். வெளியே போவதோ அவரது பட்டியலில் உள்ள எல்லோருடைய பெயரும்.

உம்மாவின் தொலைபேசி பழுதாயிருந்தபோது, உடுப்புத் தைக்கக் கொடுத்த சிலருக்கு என் இலக்கத்தைக் கொடுத்திருந்தோம். அவர்களில் ஒருவர் நல்லெண்ணத்தோடு பதிந்த பெயரே ஊரும் உறவும் சேர்ந்து வெளியே போயிருக்க வேண்டும்.

இச்செயலிகளால் நன்மையும் உண்டு. பரிசு விழுந்ததாகச் சொல்லி ஏமாற்றுவோரின் இலக்கங்களைப் பலர் முறையிட்டிருந்தால், அடுத்தவருக்கு எச்சரிக்கை கிடைக்கிறது. 2009 இல் சுவீடனில் தொடங்கப்பட்ட ட்ரூகோலர், தன் இணையத்தளத்தில் நமது இலக்கத்தை நீக்கிக்கொள்ளவும் வழி வைத்துள்ளது.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. ஆனால், ஒருவர் தமது சொந்த, வீட்டுத் தேவைக்கு மட்டும் வைத்திருக்கும் விபரங்களுக்கு அது பொருந்தாது. ஆகவே நம் கைப்பேசியிலுள்ள பெயர்களுக்கு முதற்காவல் நாமே.

செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டால் மறுக்கலாம். ரீலோட் கடைக் கொப்பியில் இலக்கத்தை எழுதுவதற்குப் பதிலாக அட்டை வாங்கலாம். தொல்லை தொடர்ந்தால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை நாடலாம். பெற்றோரே, இப்படியான அழைப்பு வந்தால் முதலில் பிள்ளையைச் சந்தேகிக்காதீர்கள்.

அன்றிரவு உம்மாவின் தொலைபேசியைத் திறந்து பார்த்தேன். "நுவரெலியா டீச்சர்ட சின்ன மகள்" என்றொரு பெயர் அதில் இருந்தது. அந்தப் பிள்ளையிடம் நாங்களும் அனுமதி கேட்கவில்லை. உம்மா ஒன்றும் பேசாமல் ஊரையும் உறவையும் அழித்து, பெயரை மட்டும் விட்டுவைத்தார்.