வாயில் ஊற்றி துப்புகிற விஸ்கி! விளாங்குடி மொட்டை மாடியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம்

மதுரை, விளாங்குடி.

விஸ்கியை வாயில் விடுவார்கள். நாக்கில் புரட்டுவார்கள். பிறகு துப்பி விடுவார்கள்!

"காசு குடுத்து வாங்கினதைத் துப்புறதா? என்ன மாப்ள கூத்து இது?" என்று கேட்டார் தாய்மாமன்.

"துப்புனாத்தான் மாமா அஞ்சாவது கிளாஸ்லயும் ருசி தெரியும். முழுங்கினா மூணாவதுலயே நாக்கு மரத்துப் போகும்" என்றார் மருமகன்.

மாமன் விளாங்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். வயது 62. மருமகனுக்கு அயர்லாந்து நாட்டில் டப்ளின் நகரில் கம்ப்யூட்டர் வேலை. மனைவி அங்கேயே நர்ஸ். லீவில் ஊருக்கு வந்திருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டுக் கொண்டார்கள். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம். நியாயந்தான்.

வரும்போது கணவன் மனைவி இருவரும் ஆளுக்கு 2 பாட்டிலாக 4 பாட்டில் கொண்டு வந்திருந்தனர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரி இல்லாமல் 2 லிட்டர் மது கொண்டு வரலாம் என்பது சுங்க விதி. 700 மில்லி பாட்டில் மூன்று என்றால் 2.1 லிட்டர். நூறு மில்லி இடிக்கிறது! அதனால்தான் ஆளுக்கு இரண்டு.

நாலும் ஐரிஷ் விஸ்கி. அதிலும் சாதாரணமாகக் கடைகளில் பார்க்க முடியாத ரகங்கள். இதை வைத்து ஒரு "ருசி பார்க்கும் சாயங்காலம்" நடத்தலாம் என்று ஆசைப்பட்டார் மருமகன். டப்ளினில் இது வாரா வாரம் நடக்கிற சமாச்சாரம். டிக்கெட் போட்டு நடத்துகிறார்கள்.

மண்டபம் கிடையாது

திண்டுக்கல் ரோட்டில் ஒரு சின்ன மண்டபம் பிடிப்பது, 40 பேரைக் கூப்பிடுவது, ஆளுக்கு 500 ரூபாய் வாங்குவது. இதுதான் முதல் திட்டம்.

பேங்க் கிளார்க் நண்பர் ஒருவர் தலையில் அடித்துக் கொண்டார். "டேய், காசு வாங்கினா அது விற்பனைடா! லைசென்ஸ் இல்லாம வித்தா உள்ள தூக்கி வெச்சிருவாங்க."

உண்மை. தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் சில்லரை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். இது தவிர நட்சத்திர ஓட்டல் பார்களுக்கும் கிளப்புகளுக்கும் தனி லைசென்ஸ் உண்டு. மண்டபத்துக்குக் கிடையாது. 2023-ல் திருமண மண்டபங்களிலும் மது பரிமாற தனி அனுமதி தரலாம் என்று அரசு விதியைத் திருத்தியது. எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. மண்டபத்தை மட்டும் விதியிலிருந்து எடுத்து விட்டார்கள்.

ஆக, மண்டபம் போச்சு. டிக்கெட்டும் போச்சு. மிச்சம் இருந்தது சொந்த வீட்டு மொட்டை மாடி. காசு இல்லை, விளம்பரம் இல்லை, வேண்டியவர்கள் 5 பேர். அதற்கும் ஒருவர் சம்மதிக்க வேண்டும்.

வீடு அம்மாவுடையது.

"என் வீட்லயா?"

மருமகனின் அப்பா மில் தொழிலாளி. தினம் இரண்டு குவார்ட்டர். 46 வயதில் ஈரல் கெட்டு இறந்து போனார். அப்போது பையன் பிளஸ் டூ. அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலுக்குள் பாட்டில் வந்ததில்லை. தம்பி குடிப்பார் என்பது அக்காவுக்குத் தெரியும். ஆனால் குடித்து விட்டு அக்கா வீட்டுப் பக்கம் வர மாட்டார். அவ்வளவு பயம்.

"என் வீட்லயா பாட்டில் திறக்கப் போற?" என்று கேட்டாராம் அம்மா. மூன்று நாள் மகனோடு பேசவில்லை. நாலாவது நாள் மருமகள்தான் பேசி சரிக்கட்டினார். "அத்தை, நீங்களும் வந்து உட்காருங்க. நான் அளந்துதான் ஊத்துவேன். ஒரு சொட்டு கூடப் போனா நீங்க எல்லாத்தையும் கொட்டிடுங்க."

அம்மா வந்தார். மாடிப்படி வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

மல்லிகைப்பூவுக்குத் தடை

ஏற்பாடுகளைச் சொல்ல வேண்டும். டப்ளினில் இதற்கென்றே அடி பருத்து வாய் குறுகிய கண்ணாடி கிளாஸ் உண்டு. வாசனை வெளியே போகாமல் மேலே கூடி நிற்குமாம். இங்கே பாத்திரக் கடையில் கிடைத்த சின்ன ஒயின் கிளாஸ்தான். மேலே ஆளுக்கு ஒரு சாசரை மூடி வைத்தார்கள்.

அளப்பதற்கு? இருமல் மருந்து பாட்டிலோடு வருகிற பிளாஸ்டிக் மூடி! 15 மில்லி கோடு போட்டிருக்கும். நர்ஸ் அம்மாவின் யோசனை. ஆளுக்கு ரகத்துக்கு 15 மில்லி. நாலு ரகத்தையும் முழுங்கினாலும் மொத்தம் 60 மில்லிதான். குவார்ட்டரில் மூன்றில் ஒரு பங்கு.

துப்புவதற்கு என்ன செய்வது என்று யோசித்தபோது பாட்டி காலத்து பித்தளை எச்சில் படிக்கம் பரணில் இருந்து இறங்கியது. புளி போட்டுத் துலக்கி நடுவில் வைத்தார்கள். தங்கம் மாதிரி மின்னியது.

இன்னொரு கட்டளை: யாரும் செண்ட் போடக் கூடாது, பெண்கள் மல்லிகைப்பூ வைக்கக் கூடாது, சாம்பிராணி கூடாது. மதுரையில் சாயங்கால நேரத்தில் மல்லிகை கூடாது என்றால் எப்படி இருக்கும்! ஆனால் காரணம் இருக்கிறது. ருசியில் பெரும்பகுதி மூக்கு வேலை. பக்கத்தில் மல்லிகை மணந்தால் கிளாசில் உள்ளது தெரியாது.

"சைடு டிஷ்?" என்றார் மாமன் ஆவலாக.

"உப்பு போடாத பிஸ்கட், மாமா. தண்ணி."

மாமன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சுக்கா வறுவல் இல்லாத விஸ்கியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

எல்லோரும் பஸ்சில் வர வேண்டும், பைக் கூடாது என்பதும் கண்டிஷன்.

வரிக்குப் பயந்து பிறந்த ருசி

முதல் பாட்டில் "கிரீன் ஸ்பாட்". பச்சைப் புள்ளி என்று அர்த்தம். டப்ளினில் மிச்செல் அண்ட் சன் என்ற பழைய ஒயின் வியாபாரிகள் சாராய ஆலையில் இருந்து புதுச் சரக்கை வாங்கி, தங்கள் ஒயின் பீப்பாய்களில் அடைத்து வைப்பார்கள். எத்தனை வருஷம் வைக்க வேண்டும் என்று அடையாளம் தெரிய பீப்பாயில் பெயிண்ட் புள்ளி. நீலம் 7 வருஷம், பச்சை 10, மஞ்சள் 12, சிவப்பு 15. அந்தப் புள்ளியே பெயராகி விட்டது. நம்ம மளிகைக்கடை மூட்டையில் சாக்பீசால் குறி போடுவது மாதிரிதான்.

"மூக்கை உள்ள விடாதீங்க மாமா, சுர்ருனு ஏறும். வாயை லேசாத் திறந்துக்கிட்டு மோந்து பாருங்க. ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க. மறுபடி மோந்து பாருங்க."

மாமன் மோந்தார். "ஆப்பிள் வாசம் வருதே!" ஆச்சரியம் தாங்கவில்லை அவருக்கு.

இந்த ரகத்துக்குப் பின்னால் ஒரு வரிக் கதை இருக்கிறது. பார்லியை ஊற வைத்து முளை கட்டினால் அது மால்ட். அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷ் சர்க்கார் 1785-ல் மால்ட்டுக்கு வரி போட்டது. ஐரிஷ்காரர்கள் என்ன செய்தார்கள்? முளை கட்டாத பச்சைப் பார்லியைப் பாதிக்குப் பாதி கலந்து காய்ச்சினார்கள். வரி மிச்சம். அதில் வந்தது எண்ணெய்ப் பசையோடு கனமான தனி ருசி. வரி போன பிறகும் ஜனங்கள் அதையே கேட்டார்கள்.

"வரியை ஏய்க்கப் போய் இவ்வளவு நல்லதா ஒண்ணு வந்திருக்கே! எனக்கு ஜி.எஸ்.டி.யில அப்படி ஒண்ணும் வரலியே" என்றார் ஹார்டுவேர் கடைக்காரர். அவர்தான் ஐந்தாவது ஆள்.

இரண்டாவது "எல்லோ ஸ்பாட்". 12 வருஷச் சரக்கு. ஊறப்போட்ட திராட்சை வாசனை. மூன்றாவது "மெத்தட் அண்ட் மேட்னஸ்" என்ற கம்பெனி ரகம். செஸ்ட்நட் என்ற கொட்டை மரத்துப் பீப்பாயில் கடைசியாக ஊறியது. ஸ்காட்லாந்தில் இதை செய்ய முடியாது. அங்கே ஓக் மரப் பீப்பாய்தான் என்று சட்டம். அயர்லாந்துச் சட்டத்தில் மரப் பீப்பாய் என்று மட்டும் இருக்கிறது. அந்த சந்தில் புகுந்து விட்டார்கள்.

கடைசியில் "கன்னிமாரா". பெயரைக் கேட்டதும் பேங்க் கிளார்க், "நம்ம எழும்பூர் லைப்ரரி பேரா?" என்றார். சென்னை நூலகம் கன்னிமாரா பிரபு பெயரில் உள்ளது. இது அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கன்னிமாரா என்ற பகுதியின் பெயர். சதுப்பில் புல்பூண்டு ஆயிரக்கணக்கான வருஷம் மக்கிக் கிடக்கும் மண்ணை வெட்டி, காய வைத்து, விறகு போல எரித்து அந்தப் புகையில் பார்லியை உலர்த்துகிறார்கள். ஐரிஷ் விஸ்கியில் இப்படிப் புகை போடுவது அபூர்வம். மாமன் வாயில் வைத்தார். உடனே படிக்கத்தில் துப்பினார். "செங்கல் சூளை பக்கத்துல நின்ன மாதிரி இருக்குடா!" ஹார்டுவேர் கடைக்காரருக்கோ இதுதான் பிடித்தது.

தெருவில் ஓடிய விஸ்கி

நடுவில் மருமகன் ஒரு கதை சொன்னார். நடந்த கதை.

1875 ஜூன் 18. டப்ளினில் லிபர்ட்டீஸ் என்ற ஏழை ஜனங்கள் வசிக்கும் பகுதி. அங்கே மலோன் என்பவரின் கிடங்கில் தீப்பிடித்தது. ஆயிரக்கணக்கான பீப்பாய்கள். எல்லாம் வெடித்து விஸ்கி தெருவில் எரிந்து கொண்டே ஆறாக ஓடியது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? தொப்பியிலும் பூட்சிலும் மொண்டு மொண்டு குடித்தார்கள்!

தீயணைப்பு அதிகாரி இங்ராம் கெட்டிக்காரர். தண்ணீர் அடித்தால் எரிகிற சாராயம் மிதந்து இன்னும் பரவும் என்று தெரிந்து வைத்திருந்தார். சாணமும் தோல் பதனிடும் கழிவும் வண்டி வண்டியாகக் கொட்டி தெருவை அடைத்தார். தீ நின்றது.

இறந்தவர்கள் 13 பேர். தீயில் ஒருவர் கூட சாகவில்லை. அத்தனை பேரும் தண்ணீர் கலக்காத சரக்கைக் குடித்துச் செத்தவர்கள்.

மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது.

அம்மா கேட்ட கேள்வி

அப்போதுதான் படிக்கட்டுப் பக்கம் இருந்து அம்மா வாயைத் திறந்தார்.

"இது எதுல காய்ச்சினதுப்பா?"

மகன் பாட்டிலைக் கையில் எடுத்து விளக்கினார். பார்லி. காய்ச்சிய ஊர் கார்க் மாவட்டத்தில் மிடில்டன். குறைந்தது 3 வருஷம் மரப் பீப்பாயில், அயர்லாந்து மண்ணிலேயே இருந்தால்தான் ஐரிஷ் விஸ்கி என்று பெயர் போடலாம். 1980-ம் வருஷச் சட்டம். இதில் 12 வருஷம் என்று எழுதியிருக்கிறது.

"சரி. அது?"

அம்மா காட்டியது மாமன் இடுப்பை. வேட்டி மடிப்பில் ஒரு குவார்ட்டர் இருந்தது! "அயர்லாந்து சரிப்படலேன்னா" என்று முன் ஜாக்கிரதையாகக் கொண்டு வந்திருக்கிறார் மனிதர். மாட்டிக் கொண்டார்.

மருமகன் அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் படித்தார். விஸ்கி என்று இருந்தது. 42.8 சதவீதம் என்று இருந்தது. எச்சரிக்கை வாசகம் இருந்தது. எந்தத் தானியம், எத்தனை வருஷம் என்று எதுவும் இல்லை.

சங்கதி இதுதான். இந்தியாவில் விற்கும் மலிவு விஸ்கியில் பெரும்பாலானது கரும்பு ஆலைக் கழிவுப் பாகில், அதாவது மொலாசஸில் காய்ச்சிய சாராயம். அதைச் சுத்தப்படுத்தி, கலரும் வாசனையும் சேர்க்கிறார்கள். கொஞ்சம் மால்ட் சேர்ப்பதும் உண்டு. நமது சட்டத்தில் இதற்கு விஸ்கி என்று பெயர் போடலாம். ஐரோப்பாவில் போட முடியாது. தானியத்தில் காய்ச்சி 3 வருஷம் மரத்தில் வைத்தால்தான் அங்கே அந்தப் பெயர்.

நம் நாட்டிலும் பார்லியில் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். பெங்களூர் அம்ருத் கம்பெனி 2004-ல் தனது மால்ட் விஸ்கியை ஸ்காட்லாந்துக்கே கொண்டு போய் கிளாஸ்கோ நகரில்தான் முதலில் விற்பனைக்கு விட்டது. ஆனால் அதன் விலை குவார்ட்டர் வாங்குகிறவர் கைக்கு எட்டாது. வெளிநாட்டு பாட்டிலுக்கோ பல வருஷமாக 150 சதவீத சுங்க வரி இருந்தது.

"இருவது வருஷம் அந்த மனுசன் குடிச்சார்" என்றார் அம்மா. "எதுல செஞ்சதுன்னு அவருக்கும் தெரியாது. வித்தவனுக்கும் தெரியாது. ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டப்ப எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

மருமகள் எழுந்து போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கொண்டார். எந்தச் சரக்காக இருந்தாலும் தினம் இரண்டு குவார்ட்டர் என்றால் ஈரல் தாங்காது, அதில் ஐரிஷ் உள்ளூர் வித்தியாசம் கிடையாது என்று நர்ஸ் என்ற முறையில் மெதுவாகச் சொன்னார்.

மாமன் அந்தக் குவார்ட்டரைத் திறந்து சாசர் மூடிய கிளாசில் 15 மில்லி ஊற்றச் சொன்னார். இரண்டு சொட்டு தண்ணீர் விட்டார். வாயை லேசாகத் திறந்து கொண்டு, சற்று முன் கற்ற மாதிரியே மோந்து பார்த்தார். 40 வருஷமாகக் குடிக்கிற சரக்கை மோந்து பார்ப்பது அன்றுதான் முதல் தடவையாம்.

"என்ன மாமா வாசம்?"

"எஸன்ஸ் வாசம்" என்றார் மாமன். குடிக்கவில்லை. கிளாசை அப்படியே படிக்கத்தில் கவிழ்த்தார்.

ராத்திரி எட்டரைக்கு எல்லாம் முடிந்தது. பேங்க் கிளார்க்கும் ஹார்டுவேர் கடைக்காரரும் நானும் விளாங்குடி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். யாருக்கும் தள்ளாட்டம் இல்லை. மாமன் எங்களோடு ஸ்டாப் வரை வந்தார். வழியில் டாஸ்மாக் கடை. அன்றைக்கு உள்ளே போகவில்லை. மறுநாள் போனாரா என்று நான் கேட்கவில்லை.

மிச்சம் இருந்த நாலு பாட்டிலையும் அம்மா வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி முந்தானையில். அடுத்த லீவுக்கு மகன் வரும்போதுதான் திறப்பாராம்.